அத்தியாயம் 7: டயரை மாற்றும் நேரம்

ரோடு பைக்கில் சங்கிலி தேய்ந்தால் கியர் நழுவும். பிரேக் கட்டை தேய்ந்தால் பிடி தளரும். டயர் அப்படியில்லை, தேயத் தேய நன்றாகவே ஓடும். மேல் ரப்பர் மெலிந்தால் எடை குறைகிறது, டயர் எளிதாக வளைந்து கொடுக்கிறது, உருளும்போது வீணாகும் சக்தியும் குறைகிறது. ஆயுளின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் டயர், புதிதாகப் போட்ட அன்றைவிடச் சற்று வேகமாகக்கூட ஓடும்.

ஓட்டும்போது கால்களுக்குத் தெரியாத இந்தத் தேய்மானத்தைக் கண்ணும் விரலும்தான் கண்டுபிடிக்க வேண்டும். எதைப் பார்ப்பது, எதற்குப் பயப்படுவது, எதை விட்டுவிடுவது என்பதை இந்த அத்தியாயத்தில் பார்க்கலாம்.

டயருக்குள் என்ன இருக்கிறது?

தேய்மானத்தைப் புரிந்துகொள்ள டயரின் நான்கு பாகங்களைத் தெரிந்திருந்தால் போதும்.

முதலாவது, நூல் கூடு. நைலான் போன்ற மெல்லிய இழைகளை ரப்பரில் தோய்த்து, சாய்வாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்த அடுக்குகள் இவை. சாதாரண டயரில் ஓர் அங்குலத்துக்கு 60 இழைகள் இருக்கும். உயர்ரக டயரில் 120 அல்லது அதற்கும் மேல். டியூபில் 80 பி.எஸ்.ஐ. காற்றடித்தால் அந்த அழுத்தம் முழுவதையும் தாங்குவது இந்த இழைகள்தான். டியூப் காற்றை வெளியே விடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவே.

இரண்டாவது, மேல் ரப்பர். சாலையைத் தொடும் பகுதி. பந்தய வகை டயரில், நடுப்பகுதியில் நூல் கூட்டையும் சேர்த்து மொத்தக் கனமே ஏறத்தாழ 3 மி.மீ.தான். அதில் தேயக்கூடிய ரப்பர் எவ்வளவு குறைவு என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பல டயர்களில் இந்த ரப்பருக்கும் நூல் கூட்டுக்கும் நடுவே முள்ளும் கண்ணாடியும் புகாமல் தடுக்க ஒரு காப்புப் பட்டை இருக்கும். மூன்றாவது, பக்கச் சுவர். இங்கே ரப்பர் பூச்சு மிக மெல்லியது; நூல் கூடு கிட்டத்தட்ட வெறுமையாகவே நிற்கிறது. நான்காவது, ரிம்மைக் கவ்விப்பிடிக்கும் விளிம்பு.

மேல் ரப்பர் நூல் கூட்டுக்குச் செருப்பின் அடித்தோல் போல. தேய்வதற்காகவே வைத்தது அது. அது தேய்வதில் ஆபத்தில்லை. தேய்ந்து முடிந்த பிறகும் அதன்மேல் ஓட்டுவதில்தான் ஆபத்து. “இந்த நூல் கூடு முழுசாக இருக்கிறதா, அதன்மேல் போதுமான ரப்பர் இருக்கிறதா?” இந்த ஒரே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டால் டயரைப் பற்றிய எல்லா முடிவுகளும் சுலபமாகிவிடும்.

மொட்டை டயர் வழுக்குமா?

கார், மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்குப் பட்டன் தேய்ந்தாலே கவலை வந்துவிடும். அங்கே அந்தக் கவலை சரியானது. அகலமான கார் டயருக்கும் சாலைக்கும் நடுவே மழைநீர் தங்கினால் டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். அந்த நீரை வெளியே தள்ளத்தான் பள்ளங்கள். கார் டயருக்கு 1.6 மி.மீ. ஆழம் வேண்டும் என்ற விதியும் அதனால் வந்ததே.

சைக்கிள் டயர் குறுகலானது, உருண்டையானது, காற்றழுத்தமும் அதிகம். நீரை அதுவே பிளந்துகொண்டு போய்விடும். விமான டயர்களை ஆராய்ந்து நாசா தந்த கணக்குப்படி, 80 பி.எஸ்.ஐ. அழுத்தமுள்ள டயர் நீரில் மிதக்க மணிக்குச் சுமார் 150 கி.மீ. வேகம் வேண்டும். அந்த வேகத்தை நாம் எந்த இறக்கத்திலும் தொடப்போவதில்லை. 1980களில் ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பங்களிப்புடன் ஆவோசெட் நிறுவனம் கோடே இல்லாத வழவழப்பான சாலை டயரை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் இந்தப் புரிதலில்தான்.

ஆகவே ரோடு பைக் டயரில் தெரியும் மெல்லிய கோடுகள் அழிந்துபோவதை மட்டும் வைத்து டயரைக் கழற்ற வேண்டாம். ஈரச் சாலையில் பிடியைத் தருவது ரப்பரின் மென்மையும் சரியான காற்றழுத்தமும். வெள்ளைக் கோட்டிலும் இரும்பு மூடியிலும் புது டயரும்தான் வழுக்கும்.

எத்தனை கிலோமீட்டர் வரும்?

பந்தய வகை மெல்லிய டயரின் பின்சக்கர ஆயுள் பொதுவாக 3,000 முதல் 6,000 கி.மீ. வரை இருக்கும். நீண்ட பயணத்துக்கென்று கனமாகச் செய்த டயர்கள் 10,000 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. ஓட்டுபவரின் எடை, தார் வழவழப்பா பெருஞ்சல்லியா என்பது, காற்று குறைவாக வைத்து ஓட்டும் பழக்கம், அடிக்கடி சக்கரம் பூட்டும்படி பிரேக் அடிப்பது ஆகிய எல்லாம் சேர்ந்து இந்த எண்ணை மாற்றிவிடும். ஒரே டயரை ஒரே நாளில் போட்ட இருவரில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கும், கிராமத்து ஜல்லிச் சாலைகளில் ஓட்டுபவருக்கும் ஆயுள் பாதிக்குப் பாதி வேறுபடலாம்.

எனவே கிலோமீட்டரை ஒரு நினைவூட்டலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டயர் போட்ட நாளையும் அப்போதைய ஓடோமீட்டர் அளவையும் டயரின் உட்புறத்தில் பேனாவால் எழுதி வைத்தால் போதும். 2,500 கி.மீ. தாண்டியதும் பரிசோதனையைக் கொஞ்சம் நெருக்கமாகச் செய்யுங்கள்.

மாதம் ஒரு முறை, பத்து நிமிடம்

இதற்குத் தேவை: ஒரு வாளி சோப்புத் தண்ணீர், பழைய துணி, ஊக்கு ஒன்று, கொஞ்சம் பஞ்சு, நல்ல வெளிச்சம்.

1. டயரைக் கழுவித் துடையுங்கள். அழுக்கோடு பார்த்தால் எதுவும் தெரியாது. டீசல், மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைக்க வேண்டாம். இரண்டும் ரப்பரைக் கெடுக்கும். பளபளப்பு ஏற்றும் பாலிஷ் ரோடு பைக் டயர் பக்கமே வரக்கூடாது.

2. காற்று நிறைந்திருக்கும்போதே சக்கரத்துக்கு நேர் எதிரே குனிந்து, டயரின் மேல்விளிம்பைப் பாருங்கள். புது டயரின் குறுக்குவெட்டு வளைவு உருண்டையாக இருக்கும். தேய்ந்த பின் டயரில் நடுவே ஒரு தட்டையான பட்டை ஓடும். அதன் இரு ஓரத்திலும் கட்டைவிரலை வைத்துத் தடவினால் மெல்லிய வரப்பு தட்டுப்படும். அந்த வரப்பு விரலுக்குத் தெளிவாகத் தெரிந்தால் டயர் பாதிக் கிணறு தாண்டிவிட்டது. பட்டை விரல் அகலத்துக்கு விரிந்திருந்தால் புது டயர் போட வேண்டிய நேரம்.

3. தேய்மானக் குறியைத் தேடுங்கள். கான்டினென்டலின் கிராண்ட் பிரிக்ஸ் 5000 போன்ற டயர்களில் மேல் ரப்பரின் நடுப்பகுதியில் குண்டூசித் தலை அளவுக்குச் சிறு குழிகள் இரண்டு இருக்கும். ஆணி குத்திய ஓட்டை என்று பலர் பயந்துபோவது இதைப் பார்த்துத்தான். இந்தக் குழிகள் மறைந்துவிட்டால் டயர் முடிந்தது. மண் அடைத்துக்கொண்டாலும் மறைந்ததுபோலவே தோன்றும். ஊக்கு முனையால் சுரண்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். குறி இல்லாத டயர்களும் ஏராளம். அவற்றுக்கு மற்ற சோதனைகளே வழி.

4. சக்கரத்தை மெதுவாகச் சுற்றவிட்டு, பிரேக் கட்டைக்கோ பிரேமுக்கோ அருகே டயர் ஓடுவதைப் பாருங்கள். ரிம் நேராக ஓடி டயர் மட்டும் ஓரிடத்தில் துள்ளினால் இரண்டில் ஒன்று: டயர் ரிம்மில் சரியாக உட்காரவில்லை, அல்லது உள்ளே இழை அறுந்திருக்கிறது. பக்கச் சுவரில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய அச்சுக் கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருந்தால் உட்காருவதில் கோளாறு இல்லை என்று பொருள்.

5. காற்றை இறக்கிவிட்டு, இரு கட்டைவிரல்களாலும் டயரை அமுக்கி வளைத்தபடி சுற்றி வாருங்கள். மூடியிருந்த வெட்டுகள் இப்போது வாய் திறக்கும். உள்ளே கண்ணாடிச் சில்லோ கல்லோ இருந்தால் ஊக்கால் நெம்பி எடுங்கள். இன்று விட்டால், ஒவ்வொரு சுற்றிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய் அடுத்த வாரம் டியூபைத் தொட்டுவிடும்.

6. டயரைக் கழற்றும் சந்தர்ப்பம் வாய்த்தால், பஞ்சை உட்புறத்தில் தேய்த்துக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். விரலுக்கு அகப்படாத மெல்லிய கம்பியில் பஞ்சு இழை மாட்டிக்கொள்ளும். தேசிய நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் வெடித்துக் கிடக்கும் லாரி டயர்களிலிருந்து உதிரும் இந்தக் கம்பிதான் நம் ஊரில் பல பஞ்சர்களுக்குக் காரணம். தலைமுடிபோல இருக்கும், ஊக்கால் வராது, சின்ன இடுக்கி வேண்டும்.

இவற்றைக் கண்டால் இன்றே மாற்றுங்கள்

நூல் தெரிந்தால். மேல் ரப்பருக்கு அடியிலிருந்து துணிபோன்ற நெசவோ, வேறு நிறத்தில் காப்புப் பட்டையோ எட்டிப் பார்த்தால் அதற்கு மேல் ஒரு சவாரியும் வேண்டாம். ஓரிடத்தில் மட்டும் தெரிந்தாலும் இதே விதிதான். பிரேக் அடித்துச் சக்கரம் பூட்டிச் சறுக்கியிருந்தால், டயர் முழுதும் நன்றாக இருக்க, ஒரே இடம் மட்டும் நூல் வரை உராய்ந்து போயிருக்கும்.

புடைப்பு தெரிந்தால். டயரின் மேலோ பக்கத்திலோ கொப்புளம்போல வீங்கியிருந்தால், அந்த இடத்தில் இழைகள் அறுந்து, ரப்பர் மட்டும் காற்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ரப்பருக்கு அந்தத் திறன் கிடையாது. புடைப்புள்ள டயர் நிறுத்திவைத்த இடத்திலேயே வெடிப்பதுண்டு. வீட்டுக்கு ஓட்டிப்போக நினைக்காமல் காற்றைக் குறையுங்கள், தள்ளிக்கொண்டு போங்கள்.

பக்கச் சுவரில் வெட்டு விழுந்தால். சாலைக் குழியின் கூர்விளிம்போ, தவறாக மேலேறி நிற்கும் பிரேக் கட்டையோ பக்கச் சுவரை அறுத்துவிடும். இங்கே விழும் வெட்டு நேராக இழையில்தான் விழுகிறது. வழியில் நேர்ந்தால் பற்பசை டியூபை வெட்டிய துண்டு, பழைய டயரில் வெட்டிய துண்டு இவற்றில் ஒன்றை உள்ளே வைத்துக் குறைந்த காற்றில் வீடு சேரலாம். வீடு சேர்ந்தபின் அந்த டயர் குப்பைக்குத்தான். பிரேக் கட்டை அறுத்ததென்றால் அதைச் சரிசெய்த பிறகே புது டயரைப் போடுங்கள்.

நடு ரப்பரில் ஆழமான வெட்டு இருந்தால். வெட்டை விரித்துப் பாருங்கள். ரப்பரோடு நின்றிருந்தால் கவலையில்லை. இழையே அறுந்து, காற்றடித்ததும் அந்த இடம் லேசாகப் பிதுங்கினால் மாற்றிவிடுங்கள்.

ஆழமான வெடிப்புகள் இருந்தால். வெயிலும் ஓசோனும் ரப்பரை வறட்டுகின்றன. அதிகம் ஓட்டாமல் பால்கனி வெயிலில் நின்ற சைக்கிளில் கிலோமீட்டர் ஏறாமலே டயர் கிழடாகிவிடும். வளைக்கும்போது வெடிப்பு வழியே நூல் தெரிந்தால் ரப்பர் எவ்வளவு மிச்சமிருந்தாலும் பயனில்லை.

இவற்றுக்குப் பதற வேண்டாம்

மேல் ரப்பரில் அங்கங்கே ஊசி முனை அளவு வடுக்கள் எல்லா டயரிலும் உண்டு. ரிம்மை ஒட்டி ஓரிரு நூல் இழை தொங்கினால் பெரும்பாலும் அது விளிம்பைச் சுற்றிய காப்புத் துணியின் பிசிறு; இழுக்காமல் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள். புது டயரில் மயிர்போல நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர்க் கம்பிகள் அச்சிலிருந்து வந்தவை, தாமே தேய்ந்துவிடும். பக்கச் சுவரின் மேற்பூச்சில் மட்டும் தெரியும் மெல்லிய சுருக்கங்களைக் கவனித்து வந்தால் போதும்.

பஞ்சர் என்ன சொல்கிறது?

இரண்டு பஞ்சர் அடுத்தடுத்து வந்ததும் “டயர் போச்சு” என்று முடிவுகட்டுவது பலரின் வழக்கம். ஓட்டை டியூபில் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். இதற்காகவே டயரில் நிறுவனப் பெயர் அச்சிட்ட இடம் வால்வுக்கு நேராக வரும்படி எப்போதும் மாட்டுங்கள். டியூபில் வால்விலிருந்து ஒரு சாண் தள்ளி ஓட்டை இருந்தால், டயரிலும் பெயரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தேடலாம்.

ஒவ்வொரு முறையும் ஓட்டை ஒரே இடத்தில் என்றால் அங்கே ஏதோ குத்திக்கொண்டிருக்கிறது. டயரை மாற்றத் தேவையில்லை, அதை எடுங்கள். ஓட்டை ரிம் பக்கம் என்றால் ரிம் டேப் நகர்ந்திருக்கலாம். அருகருகே இரண்டு கீறல் என்றால் காற்றுக் குறைவாக வைத்துக் குழியில் இறங்கியிருக்கிறீர்கள். ஓட்டைகள் வேறு வேறு இடங்களில், எல்லாம் சாலைப் பக்கமாக, முன்பெல்லாம் இல்லாத அளவுக்கு அடிக்கடி வந்தால்தான் மேல் ரப்பர் மெலிந்துவிட்டது என்று பொருள்.

இராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் சீமைக்கருவேல முள்ளும், வயலோரப் பாதைகளில் நெருஞ்சியும் புது டயரையும் துளைக்கும். அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குப் பெருந்தொல்லையாக இருப்பதும் இதே நெருஞ்சிதான். அந்தப் பஞ்சரை டயரின் வயதில் சேர்க்காதீர்கள். மழைக்காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்: ஈரம் பட்ட ரப்பரைக் கண்ணாடி சுலபமாக அறுக்கும். தேய்ந்த டயரை வடகிழக்குப் பருவமழை முடியும்வரை ஓட்டலாம் என்று நினைப்பதைவிட, அக்டோபர் பிறப்பதற்குள் மாற்றிவிடுவது நல்லது.

முன்னா, பின்னா?

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: நல்ல டயர் எப்போதும் முன்சக்கரத்தில்.

பின்சக்கரம் எடையையும் அதிகம் சுமக்கிறது, மிதிக்கும் விசையையும் தாங்குகிறது. அதனால் பின் டயர் முன் டயரைப்போல இரண்டு மடங்கு வேகத்திலாவது தேயும். இதைப் பார்த்து, தேய்ந்த பின் டயரை முன்னுக்கும் முன் டயரைப் பின்னுக்குமாக மாற்றிப்போடும் பழக்கம் சில கடைகளில் உண்டு. நான்கு சக்கரக் காரில் நியாயமான இந்த வழக்கம் சைக்கிளுக்கு ஆகாது. பின் டயர் வெடித்தால் பெரும்பாலும் சைக்கிளை நிலைப்படுத்தி நிறுத்திவிடலாம். முன் டயர் வெடித்தாலோ சறுக்கினாலோ ஹேண்டில்பார் நம் சொல் கேட்காது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது எடையெல்லாம் முன்சக்கரத்தில்; பிரேக் விசையில் பெரும்பங்கும் அங்கேதான். ரிம்மைக் கவ்வும் பிரேக் என்றால் சூடும் சேர்ந்துகொள்கிறது. அந்த நேரத்தில் முன்னால் இருப்பது உங்கள் ஆகச்சிறந்த டயராக இருக்க வேண்டும்.

சரியான முறை இது: பின் டயர் முடிந்ததும் அதைக் கழற்றி எறியுங்கள். முன்னே இருக்கும் அதிகம் தேயாத டயரைப் பின்னுக்கு மாற்றுங்கள். புது டயரை முன்னே போடுங்கள். சைக்கிள் அறிஞர் ஷெல்டன் பிரவுன் வலியுறுத்திவந்த முறையும் இதுதான். முன் டயர் தேயாமலே ஆண்டுக்கணக்கில் கிடந்து வெடித்துப்போவதும் இதனால் தவிர்கிறது. ஒரு வேலை அதிகம், அவ்வளவே.

டியூப்லெஸ் ஓட்டுபவர்களுக்கு

டியூப் இல்லாத டயரில் உள்ளே ஊற்றிய திரவம் சிறு ஓட்டைகளைத் தானே அடைத்துவிடுவதால் தேய்மானம் இன்னும் நன்றாக ஒளிந்துகொள்கிறது. மேல் ரப்பர் மெலிந்தபின் திரவம் அடைக்கத் திணறும். அடைத்த ஓட்டையே மறுநாள் திறந்துகொள்ளும். நம் வெயிலில் திரவம் விரைவில் காய்ந்துவிடும் என்பதால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவைப் பார்த்து நிரப்புங்கள். திரவம் புதிதாக இருந்தும் பக்கச் சுவரில் ஈரப்பொட்டுகள் தொடர்ந்து கசிந்தால் நூல் கூடு தளர்ந்துவிட்டது. கொக்கி விளிம்பு இல்லாத ரிம் என்றால் அதற்கென அனுமதித்த டியூப்லெஸ் டயர்களை மட்டுமே போடுங்கள். காற்று 5 பாரை, அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக்கூடாது.

புது டயர் வாங்கும்போது

பழைய டயரின் பக்கச் சுவரில் 28-622 என்பதுபோல ஓர் எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது டயர் ரிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 700 சி என்று விற்கும் எல்லாவற்றுக்கும் இரண்டாம் எண் 622. நம் ஊர்ச் சாதாரண பெரிய சைக்கிளின் 28 அங்குல டயர் 635; ரோடு பைக் ரிம்மில் அது தளர்ந்து நிற்கும், காற்றடித்தால் கழன்று வெடிக்கும். “28 டயர்” என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள், இரண்டாம் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அகலத்தைக் கூட்ட விரும்பினால் போர்க்கிலும் பிரேமிலும் டயருக்கு இருபுறமும் சில மில்லிமீட்டர் இடம் மிஞ்சுகிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சவாரியான பிரெவேயில் 200 கி.மீ.க்கோ 600 கி.மீ.க்கோ பதிவு செய்திருந்தால், இரண்டு வாரம் முன்பே டயரை மாற்றி 100 கி.மீ.யாவது ஓட்டிப் பாருங்கள். 600 கி.மீ.க்கு 40 மணி நேரம்தான். நடு இரவில் இறுக்கமான புது டயரோடு மல்லுக்கட்ட அதில் நேரம் கிடையாது.

முடிவெடுக்கும் வரிசை

- நூல், புடைப்பு, பக்கச் சுவர் வெட்டு, நூல் தெரியும் வெடிப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றே மாற்றுங்கள்.
- தேய்மானக் குறி மறைந்தது, நடுப்பட்டை விரல் அகலமானது, சாலைப் பக்கப் பஞ்சர்கள் கூடின: இந்த வாரத்துக்குள் மாற்றுங்கள்; அதுவரை நீண்ட சவாரியும் மலை இறக்கமும் வேண்டாம்.
- நடுவில் வரப்பு தெரிகிறது, மற்றபடி குறையில்லை: புது டயரை வாங்கி வையுங்கள், வாரம் ஒருமுறை பாருங்கள்.
- கோடுகள் மட்டும் அழிந்தன: ஓட்டுங்கள்.

நூல் கூடு சேதமில்லாமல் மேல் ரப்பர் மட்டும் தேய்ந்த பின் டயரை வீட்டுக்குள் டிரெய்னரில் பயன்படுத்தலாம். அங்கே அது வெடித்தாலும் யாரும் விழப்போவதில்லை. மற்ற டயர்களைக் கத்தியால் ஒருமுறை குறுக்கே அறுத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். “இன்னும் கொஞ்சம் ஓடும்” என்று எடுத்து வேறொருவர் தன் சைக்கிளில் மாட்டிவிடக்கூடாது.